ஏழாவது ஆள்

2023 அக்டோபரில் மும்பையில் நடந்த புரோ கபடி ஏலத்தில், தமிழ் தலைவாஸ் அணி தூத்துக்குடி மாவட்டத்து மாசானமுத்துவை 31 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. அதே ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதோடு வைத்துப் பார்த்தால் மாசானமுத்துவின் விலை நடுத்தரம்தான். நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் தொகை இல்லை. கணக்குக்கு ஆள் சேர்க்கக் கொடுக்கும் தொகையும் இல்லை. பையனிடம் ஏதோ இருக்கிறது, பழக்கினால் வருவான் என்று நம்பிக் கொடுக்கும் விலை அது.

இப்படிப்பட்ட விலைதான் அதிகம் சண்டை மூட்டும். அதே மாவட்டத்தில் எங்கள் உடன்குடிச் சுற்றுவட்டாரத்தில் கபடி பார்க்கிறவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். "நம்ம பக்கத்துப் பையன், முதல் மேட்ச்லயே இறக்கணும்" என்றது ஒரு கட்சி. "லே, மண்ணுல ஆடினவனுக்கு மேட் பழக வேண்டாமா? ஒரு சீசன் பெஞ்சுல இருக்கட்டும்" என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்குக் கணக்குதான் முக்கியம். "அந்தக் காசுக்கு நாலு சீசன் ஆடின ஒரு கார்னரை எடுத்திருக்கலாம்லா அண்ணாச்சி?" நான் இரண்டாவது கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

இந்த விவாதம் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. கோயில் கொடையை ஒட்டி மின்னொளி கபடி நடக்கும் ஊர்களில் அணியின் முதல் ஆறு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் தாமே வந்து நிற்பார்கள். பேச்சு எல்லாம் அந்த ஏழாவது ஆளைப் பற்றித்தான். பள்ளிக்கூடம் முடிக்காத, மீசை அரும்பாத ஒரு பையன் இருப்பான். கால் நீளமாக இருக்கும், பயம் இருக்காது, நிதானமும் இருக்காது. அவனை இறக்கலாமா, வெளியூரிலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரைக் கொண்டுவரலாமா என்று ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான். பேசுகிற எல்லோருக்கும் அந்தப் பையனைத் தெரியும். சாயங்காலம் தேரி மணலில் அவன் பாடிப் போவதைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான், மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் திமிறுவான், அடி வாங்கியபின் அடுத்த ரைடுக்குத் தயங்குவானா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஏலம் வருவதற்கு முந்தைய நாளில் பையனுக்கு விலை கிடையாது. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், அவ்வளவுதான். ரயில்வே, மின்வாரியம், காவல்துறை என்று ஏதாவது ஒரு துறை அணிக்குள் போய்விட்டால் வீடு நிமிர்ந்துவிடும். உடன்குடியிலிருந்து அதிக தூரமில்லாத மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அவர் வாழ்க்கையை அடியாகக் கொண்டு மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025 தீபாவளிக்கு வந்த பிறகு, வெளியூர்க்காரர்களுக்கும் அந்த ஊர்ப் பெயர் தெரியும்.

அந்தப் படம் காட்டிய இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஊர் அணி என்று நாம் பெருமையாகச் சொல்வது பல இடங்களில் ஒரு தெருவின் அணிதான். பையனைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே ஆட்கள், எந்தப் பையனைப் பார்ப்பது என்பதை அவன் பிறப்பை வைத்து முன்பே முடிவு செய்திருந்தார்கள். தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் சாதிக் கலவரங்கள் நடந்தபோது பக்கத்து ஊருக்கு ஆடப் போவதே உயிர்ப் பிரச்சினை. எத்தனை நல்ல ரைடர்கள் தங்கள் தெருவைத் தாண்டாமலே வயதானார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. ஏலத்தில் பேரைக் கூப்பிடும்போது தெருவைக் கேட்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் ஏலத்தின் பக்கம் நிற்பேன்.

பணத்தின் கதை வேகமாக மாறியது. 2014-இல் புரோ கபடியின் முதல் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி கொடுத்தது 12 லட்சத்து 80 ஆயிரம். நாட்டின் முதல் நட்சத்திரத்துக்கே அவ்வளவுதான். ஒன்பது ஆண்டு கழித்து, பழக்கி எடுக்க வேண்டிய ஒரு பையனுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. உடல் தேய்வதற்குள் ஒரு ரைடர் தன் விளையாட்டாலேயே வீடு கட்டிக்கொள்ள முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விலை வந்ததும் பார்வை மாறிவிட்டது. பையனை நேரில் பார்த்திராதவர்கள் விலையை வைத்து ஆளை எடை போடுகிறார்கள். 31 லட்சம் என்றால் ஒரு மேட்சுக்கு எத்தனை புள்ளி வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். தலைவாஸின் சொந்த வரலாறே இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு அந்த அணி 2 கோடியே 26 லட்சம் கொடுத்தது. முதல் மேட்சிலேயே காயம்பட்டு அவர் வெளியேறினார். அந்த இடத்தைப் பிடித்தவர் புதுமுகமாக வந்த நரேந்தர் கண்டோலா. அறிமுக சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள். அதற்குமுன் புள்ளிப்பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி, அந்த முறைதான் முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. தடுப்பில் வலது கார்னர் சாகர், இடது கார்னர் சாஹில் குலியா இருவரும் பெரிய விலைக்கு வந்தவர்கள் இல்லை, இளம் வீரர்களாக உள்ளே வந்து வளர்ந்தவர்கள். எட்டாவது சீசனில் சாகர் 80-க்கு மேல் டேக்கிள் புள்ளி எடுத்தபோதுதான் பலர் அவர் பேரையே கவனித்தார்கள்.

பொறுமை இல்லாததால் இழந்ததும் உண்டு. தமிழ்நாட்டு ரைடர் பிரபஞ்சன், தலைவாஸ் 2017-இல் லீகுக்குள் வந்தபோது அந்த அணியில் ஆடினார். அடுத்த ஆண்டே அவரை குஜராத் 38 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டது. 2021 ஏலத்தில் அதே பிரபஞ்சனைத் திரும்ப அழைத்துவரத் தலைவாஸ் 71 லட்சம் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தபோதே பழக்கி வைத்திருக்க வேண்டிய ஆள் அவர்.

மேட் பழக்கம் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணலில் ஆடும் பையனின் கால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் புதையும். நின்று திரும்ப அவனுக்கு அரை அடி கூடுதலாக வேண்டும். அதற்கேற்ப உடம்பை முன்னாலேயே சாய்த்துக்கொள்ளப் பழகியிருப்பான். மேட்டில் ஷூ கட்டிக்கொண்டு அதே சாய்வில் திரும்பினால் கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் போகும். முட்டி போவது இப்படித்தான். போனஸும் அப்படியே. எதிரில் ஆறு பேராவது இருக்கும்போது ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றி, பின்னங்கால் தரையை விட்டு எழும்ப வேண்டும். எங்கள் பக்கம் சுண்ணாம்பில் போட்ட கோடு பத்து நிமிஷத்தில் கலைந்துவிடும். கலைந்த கோட்டில் எந்தப் பையன் போனஸ் பழகுவான்? தொட்டுவிட்டு ஓடி வரத்தான் பழகுவான். முப்பது விநாடிக்குள் ரைடு முடிய வேண்டும், இரண்டு வெற்று ரைடு போனால் மூன்றாவது டூ-ஆர்-டை என்ற கணக்கும் மூச்சை நம்பிப் பாடியவனுக்குப் புதுசு. இவ்வளவையும் நாற்பது நிமிஷ ஆட்டத்தில், டிவி வெளிச்சத்தில், முதல் சீசனிலேயே செய் என்று கேட்பது நியாயமே இல்லை.

மாசானமுத்து வந்த பத்தாவது சீசனில் ரைடு பாரத்தை நரேந்தரும் அஜிங்கிய பவாரும் சுமந்தார்கள். தலைவாஸ் ஒன்பதாவது இடத்தில் முடித்தது. நம்ம பையனை ஏன் இறக்கவில்லை என்ற கோபம் இந்தப் பக்கம் நிறைய. எனக்கு அதில் கோபம் இல்லை. மேட்டில் பழகி வர வேண்டிய பையனை அவன் பதினெட்டு வயதுக்கு முன்பே மேட்டில் விட நம்மால் முடியவில்லையே என்பதில்தான் கோபம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் மாநில அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. மகிழ்ச்சி. ஜெயித்து வந்தபின் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, ஜெயிக்கப் போகிறவர்களின் காலடியில் மேட்டாக விரிய வேண்டும். உடன்குடி, குலசை, மணப்பாடு, பரமன்குறிச்சி என்று நாலைந்து ஊருக்குப் பொதுவாக ஒரு மேட், கூரை போட்ட ஓர் இடம், வாரத்தில் மூன்று நாள் ஒரு பயிற்சியாளர் இருந்தால் போதும்.

அடுத்த ஏலத்திலும் இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் பேர் வரும், அப்போதும் இதே மூன்று கட்சி இருக்கும். முதல் கட்சிக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மேட்ச் அன்றைக்கு மட்டும் பார்க்காமல், அவன் தம்பிமார் சாயங்காலம் எந்தத் தரையில் ஆடுகிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.