மீன்முட்டியில் பாறை ஏறியது

கண்ணறியாதது – 9

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, கல்லாறில் இறங்கினோம், நானும் அக்கா மகளும். அவள் பிளஸ் டூ. உளவியலும் ஒரு பாடம். வனத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆற்றோரமாக நடந்தால் மீன்முட்டி அருவி. முந்தின நாள் நல்ல மழை. அருவி ஒரே வெள்ளைத் துணியாகக் கிடந்தது.

“மாமா, விழுற தண்ணியிலே ஒரே இடத்தைப் பாருங்க. கண்ணை அங்கே இங்கே ஆட்டக் கூடாது. அறுபது எண்ணுங்க.”

எண்ணினேன்.

“இப்போ பக்கத்துப் பாறையைப் பாருங்க.”

பாசி பிடித்த அந்தப் பெரிய கரும்பாறை மெதுவாக மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது, ஆனால் இருந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இப்படி எழுதினால் அபத்தமாகத்தான் இருக்கும், பார்த்தால்தான் தெரியும். பத்துப் பதினைந்து நொடியில் பாறை பழையபடி பாறையாகிவிட்டது. கூட வந்த வழிகாட்டியிடம் சொன்னேன். “ரொம்ப நேரம் நின்னா அட்டையும் ஏறும் சார், நடங்க” என்றார்.

1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவி முன்னால் நின்று இதையே பார்த்து, எழுதியும் வைத்தார். இதற்கு அருவி மாயை என்று பெயர். மூளையில் பார்வைக்கு உரிய பகுதியில், கீழ்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் செல்கள் உண்டு, மேல்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் செல்களும் உண்டு. அசையாத பாறையைப் பார்க்கும்போது இரண்டும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கும். ஒரு நிமிஷம் அருவியைப் பார்த்ததில் கீழ்நோக்கிய கூட்டம் களைத்துவிடுகிறது. அதன் தட்டு இலேசாகிவிட, மற்றது பாறையைத் தூக்கிக் காட்டுகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் தன் கைபேசியைக் கொடுத்தாள். திரையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கீழே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகைகள் மேலே நகர்ந்தன.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பௌதிகப் பாடத்துக்குத் திரையில் காட்டும் ஊசல், மெய்யான ஊசல் அல்ல. எழுதியவன் போட்ட கணக்குப்படி ஆடுகிற பொம்மை அது. உளவியலில் கதை வேறு. திரையில் ஓடிய அருவி பொய், ஆனால் என் கையில் ரேகை ஏறியது மெய். சோதனைப் பொருள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும் இப்படிச் சொல்ல முடியாது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்னிஃபி’ என்கிற கணினி எலி இருக்கிறது. நெம்புகோலை அழுத்தினால் இரை கொடுத்துப் பழக்கலாம். உயிருள்ள எலியைக் கூண்டில் வாட்ட வேண்டாம், நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்னிஃபி ஒருநாளும் யாரையும் ஆச்சரியப்படுத்தாது, புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்யும். பாவ்லோவின் நாயை வைத்துச் செய்த கணினி விளையாட்டுகளும் இப்படித்தான். பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது சீரண ஆராய்ச்சிக்குத்தான், மணியடித்ததற்கு அல்ல. அவருடைய நாய் அவரையே அசர வைத்த நாய். அந்த அசரலைத் திரையில் எழுதி வைக்க முடியாது.

போன வாரம் சொன்ன ஸ்ட்ரூப் சோதனையை அன்று ராத்திரி அக்கா வீட்டுத் திண்ணையில் செய்து பார்த்தோம். மறந்தவர்களுக்கு: ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. நாக்கு ‘சிவப்பு’ என்றுதான் ஓடும். ஸ்ட்ரூப் இதை வெளியிட்டது 1935-ல். மருமகள் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு தாள் எழுதினாள், ஒன்று மலையாளத்தில். மற்றது தமிழில், நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து வரைந்தாள். வீட்டில் தமிழ் பேசுகிறாளே தவிர, படித்தது எல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து தெரியாது. எனக்கோ மலையாளம் பஸ் போர்டைக் கூட்டி வாசிக்கிற அளவுதான்.

மலையாளத் தாளில் அவள் தடுக்கித் தடுக்கி விழுந்தாள், தமிழ்த் தாளை மளமளவென்று முடித்தாள். நான் அப்படியே தலைகீழ். சரளமாக வாசிக்கத் தெரிந்த எழுத்துதான் காலை வாருகிறது. “தமிழ் வாசிக்கத் தெரியாதது இதிலே மட்டும் லாபம், இல்லியா மாமா?” என்றாள். அக்கா உள்ளேயிருந்து, “நல்ல லாபம்!” என்றாள்.

வாய் பேசாத உயிரிடம் இப்படிக் கேட்க முடியுமா? அதற்கும் இந்த ஊரிலேயே ஆள் உண்டு. வித்துரா மருதமலையில் (கோவை மருதமலை அல்ல) ஐசர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தேனீக்களின் பார்வையை ஆராய்கிறவர் ஹேமா சோமநாதன். ராத்திரியில் பறக்கும் ஒரு தச்சுத் தேனீ, நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறம் பிரித்தறியும் என்று அவரும் சகாக்களும் 2008-ல் எழுதினார்கள். கூட்டு வாசலில் வண்ண அடையாளம் வைத்துப் பழக்கி, பிறகு நிறத்தை மாற்றிவைத்துக் கேட்ட கேள்வி அது. அந்தத் தேனீயின் விஞ்ஞானப் பெயருக்குள் நம் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது.

சரி, கைவைத்து நகர்த்துகிற உளவியல் பாடம் இந்தப் பக்கத்துக்கு வந்தது கணினியோடு அல்ல. 1901–02-ல் கேம்பிரிட்ஜிலிருந்து டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் நீலகிரிக்கு வந்து அங்கே வாழும் தோதவர் பழங்குடியினரோடு சில மாதம் இருந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் நகர்த்துகிற தகடு வைத்த ஒரு கருவியும் உண்டு. முல்லர்-லயர் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோடுகள். ஒன்றின் நுனிகளில் அம்புத்தலை, மற்றதில் விரிந்த இறக்கை. சம நீளம்தான், ஆனால் இறக்கைக் கோடு நீளமாகத் தெரியும். தகட்டைத் தள்ளியும் இழுத்தும் இரண்டையும் சமமாக்கச் சொல்லி, எவ்வளவு பிசகு என்று அளந்தார். இங்கிலாந்துக்காரர்களைவிடத் தோதவர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். 1905-ல் அச்சேறியது.

காரணம்? அவர்கள் படம் முழுவதையும் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தார்கள் என்பது ரிவர்ஸின் ஊகம். மூலைக்கு மூலை சதுரமாகத் தச்சன் கட்டிய உலகத்தில் வளர்ந்த கண்தான் ஏமாறும் என்று 1966-ல் மூன்று அமெரிக்கர்கள் வாதித்தார்கள். தோதவர் குடிசை அரை பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும். பொருந்துகிறதே என்று நானும் துள்ளினேன். ஆனால் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, ஆகவே துள்ளலை அடக்கிக்கொள்கிறேன்.

ரிவர்ஸின் கருவியை மருமகள் மடிக்கணினியில் செய்துவிட்டாள். கேரளப் பள்ளிகளில் கணக்குப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா பழக்கமானது, ஒரு நகர்த்தி வைத்தால் போதும். அம்புத்தலைக் கோடு 10 சென்டிமீட்டர். இறக்கைக் கோட்டை இழுத்துச் சமமாக்க வேண்டும். நான் எட்டரையில் நிறுத்திவிட்டேன். அவள் எட்டே முக்கால். விடை தெரிந்த பிறகும், வேண்டுமென்றே கூட்டி இழுத்தாலும், கண் ‘அதிகம், அதிகம்’ என்றது. பத்துத் தடவை செய்தோம், ஒன்பதரையைத் தொடவில்லை.

அக்காவைக் கூப்பிட்டோம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ஒரே இழுப்பில் நிறுத்தினாள். எட்டேகால்.

“எங்க ரெண்டு பேரையும்விட உனக்குத்தாம்மா ஜாஸ்தி தப்பு” என்றாள் மகள்.

“கோடு போட்டவனைப் போய்க் கேளு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள் அக்கா.

(தொடரும்)