நந்தவனத்தில் கரிசாலை

நம் முன்னோர் நந்தவனங்களில் மலர்ச்செடிகளோடு மூலிகைகளையும் பேணி வளர்த்தனர். அவற்றுள் சிறந்தது கரிசாலை எனப்படும் கரிசலாங்கண்ணி. 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளற்பெருமான் இக்கீரையைப் பெரிதும் போற்றினார்.

கரிசாலை என இரு செடிகள் வழங்கப்பெறுகின்றன. இரண்டும் செவ்வந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண்ணிறப் பூவுடையது தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரத்து ஈர வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானே முளைப்பது. மஞ்சள் பூவுடையது பொற்றலைக் கையாந்தகரை; இதனை நட்டு வளர்த்தல் நன்று.

கணுக்களுடன் கூடிய சாண் நீளத் தண்டினை நட்டால், கணுதோறும் வேர்விட்டுப் படரும். மட்கிய சாண எருவும், இளநிழலும், ஈரமும் போதும்; நீர் தேங்கலாகாது. வேரோடு பிடுங்காமல் இலைகளை மட்டும் கொய்தால் மீண்டும் தழைக்கும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அழகுக்காக வளர்க்கப்பெறும் மற்றொரு மஞ்சள் பூச்செடியும் கரிசாலை என்றே தவறாகக் கொள்ளப்படுகிறது. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. விரைந்து படர்ந்து பிற செடிகளை அழிப்பது. அதன் இலை தடித்துப் பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று பிளவாக இருக்கும். நம் கரிசாலையின் இலையோ பிளவின்றி நீண்டு ஒடுங்கியது. எனவே, இலையை நோக்கித் தெளிந்த பின்னரே நடுக, ஐயமுள்ளதை உண்ணற்க.

அன்பர்கள் தத்தம் இல்லத்திலும் ஒரு தொட்டியிலேனும் கரிசாலை வளர்த்து, உடல்நலமும் இறையருளும் பெற்று உய்வார்களாக!