பால் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை

பால் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை என்பது, பசும்பாலின் புரதங்களுக்கு எதிராக உடலில் உருவான இம்யூனோகுளோபுலின் ஈ (சுருக்கமாக ஐஜிஈ) என்னும் பிறபொருளெதிரியின் அளவைக் கண்டறியும் ஆய்வக முறையாகும். இது ஒவ்வாமைக்கான வாய்ப்பைக் காட்டுகிறது. ஆனால் இதன் முடிவை மட்டும் கொண்டு பால் ஒவ்வாமையை உறுதிசெய்ய இயலாது.

அடிப்படை

பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன் ஆகும். பால் திரிந்தபின் மிஞ்சும் தெளிநீரில் பீட்டா-லாக்டோகுளோபுலின் முதலிய புரதங்கள் உள்ளன. ஒவ்வாமை உள்ளவரின் உடல் இவற்றைத் தீங்கானவையாகக் கருதி ஐஜிஈயை உருவாக்குகிறது. அது மாஸ்ட் செல்களில் ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் பால் அருந்தும்போது அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. இதனால் தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவை பெரும்பாலும் 2 மணி நேரத்திற்குள் தோன்றும்.

செயல்முறை

கையின் சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுகிறது. அதிலிருந்து பிரித்த ஊநீர், பால் புரதங்கள் பதிக்கப்பட்ட பரப்பில் சேர்க்கப்படுகிறது. புரதங்களோடு பிணையும் ஐஜிஈயின் அளவு கருவியால் அளக்கப்படுகிறது. 1967இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முதல் முறையில் கதிரியக்க ஓரிடத்தான் பயன்பட்டது; இன்று ஒளிரும் நொதிமுறை பரவலாக உள்ளது. தோல் குத்துச் சோதனைக்கு முன் ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை.

முடிவின் பொருள்

லிட்டருக்கு 0.35 கிலோ அலகு என்பது நெடுங்காலமாக எல்லை அளவாகக் கொள்ளப்படுகிறது. அளவு கூடக்கூட ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பும் கூடும். ஆயினும் எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை இந்த எண் உறுதியாகக் கூறாது.

நாள்தோறும் பாலும் தயிரும் தொல்லையின்றி உண்ணும் குழந்தைக்கும் முடிவு நேர்மறையாக வரலாம். இது உணர்திறன் மட்டுமே, நோய் அன்று. இந்நிலையில் பாலை நிறுத்தினால் கால்சியம், புரதம் ஆகியவை குறையக்கூடும். நெடுநாள் நிறுத்தியபின் மீண்டும் கொடுத்தபோது உடனடி ஒவ்வாமை ஏற்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

எதிர்மறை முடிவும் முழு உறுதி தராது. ஐஜிஈ சாராத, தாமதமாகத் தோன்றும் குடல் சார்ந்த ஒவ்வாமைகளை இச்சோதனை காட்டாது. பால் சர்க்கரையைச் செரிக்க இயலாமை ஒவ்வாமையே அன்று. அது லாக்டேஸ் நொதிக் குறைவால் வருவது. ஐஜிஜி அளவைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனைகளை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை.

உறுதிப்படுத்தல்

எவ்வளவு பால் அருந்தியபின், எவ்வளவு நேரத்தில், என்ன அறிகுறி தோன்றியது என்னும் விவரமே நோயறிதலின் முதற்படி. அதனோடு இரத்த, தோல் சோதனை முடிவுகள் ஒப்பிடப்படுகின்றன. ஐயம் நீடித்தால், மருத்துவர் மேற்பார்வையில் பாலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் உணவுச் சோதனை செய்யப்படுகிறது. உயிருக்கு ஆபத்தான எதிர்வினை நேரலாம் என்பதால், அட்ரினலின் மருந்து ஆயத்தமாக உள்ள இடத்திலேயே இது நடைபெற வேண்டும். வீட்டில் முயலக் கூடாது.

குழந்தைகள் பலருக்கு வயது ஏற ஏற இவ்வொவ்வாமை நீங்குகிறது. எனவே குறிப்பிட்ட கால இடைவெளியில் பரிசோதனை திரும்பச் செய்யப்படுகிறது. ஐஜிஈ அளவு தொடர்ந்து குறைந்துவருவது, பாலை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் காலத்தை மருத்துவர் முடிவுசெய்ய உதவுகிறது.