பிறையும் பள்ளி விடுமுறையும்

ஆண்டின் இறுதி மாதங்களில் தமிழக அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலை வெளியிடுகின்றது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமே இதற்கு அடிப்படை. உண்டியலும் காசோலையும் பற்றிய ஒரு சட்டம் நம் பிள்ளைகளின் விடுமுறை நாள்களையும் தீர்மானிப்பது விந்தைதான். பள்ளிகளின் நாள்காட்டி இப்பட்டியலை ஒட்டியே வகுக்கப்படுகின்றது.

இப்பட்டியலில் நமக்குரியவை நான்கு நாள்கள்: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், முஹர்ரம் பத்து, மீலாது. இவற்றுள் முந்தைய இரண்டே மார்க்கத்தில் ஈத். மதீனாவாசிகள் கொண்டாடி வந்த இரு நாள்களுக்குப் பதிலாக அல்லாஹ் அவற்றினும் சிறந்த இரு நாள்களைத் தந்துள்ளான் என நபிகளார் (ஸல்) கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நாம் அறிந்ததே. ஆஷூரா நோன்பு நோற்கும் நாள். அதனைப் 'பண்டிகை' என நாளிதழ்கள் எழுதுவது பிழை. மீலாது விடுமுறை தமிழகத்தில் 1969இல் அறிவிக்கப்பட்டது.

இந்நான்கிலும் பட்டியல் குறிப்பது உத்தேசத் தேதியே. பிறை தென்படுவதைப் பொறுத்து நாள் மாறக்கூடும். ஆயினும் நான்கும் ஒரே நிலையில் இல்லை என்பது பலரும் கவனியாத செய்தி. ஹஜ்ஜுப் பெருநாளும் ஆஷூராவும் பத்தாம் பிறை. மீலாது பன்னிரண்டாம் பிறை. மாதம் பிறந்தபின் அரசுக்குப் பல நாள் அவகாசம் உண்டு. 2024இல் செப்டம்பர் 16 எனக் குறிக்கப்பட்டிருந்த மீலாது விடுமுறை, தலைமை காஜியின் பிறை அறிவிப்பின்படி 17க்கு மாற்றப்பட்டபோது எவருக்கும் இடர் நேரவில்லை.

நோன்புப் பெருநாளோ ஷவ்வால் முதல் பிறை. ரமளான் 29ஆம் நாள் மஃரிபு வேளையில் வானத்தைப் பார்த்த பின்னரே மறுநாள் பெருநாளா, முப்பதாம் நோன்பா என்பது தெளிவாகும். அவ்விரவில் எந்த அலுவலகம் ஆணையைத் திருத்தும்? எந்தத் தலைமையாசிரியர் பெற்றோர்க்குச் செய்தி அனுப்புவார்? பட்டியல் ஒரு நாளும் பிறை மறுநாளும் ஆகிவிட்டால், மாணவன் பெருநாள் தொழுகையையா தேர்வையா தேர்ந்துகொள்வான்?

இதற்குத் தீர்வு எளிது என்பதற்கு 2024ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 11 பெருநாள் விடுமுறை. நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஏப்ரல் 10, 12 ஆகிய நாள்களில் நடைபெறவிருந்த தேர்வுகளைக் கல்வித்துறை ஏப்ரல் 22, 23க்கு மாற்றியது. முன்னும் பின்னும் ஒரு நாளைத் தேர்வின்றி விட்டால் போதும்; பிறை எப்படித் தோன்றினும் இடர்ப்பாடில்லை. கூடுதல் விடுமுறை வேண்டுவதில்லை. அந்நாள்களில் பாடம் நடக்கட்டும்.

நம் அரபுக் கல்லூரிகளுக்கு இச்சிக்கல் இல்லை. ஷவ்வாலில் தொடங்கி ஷஃபானில் முடியும் கல்வியாண்டு அவர்களுடையது. பொதுப் பள்ளிகளின் நிலை வேறு. சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கின்றது. 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரு முறை வந்தது. 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28 அன்று தொடங்க, பெருநாள் 31 அன்று அமைந்தது. 2027இல் அது மார்ச் இரண்டாம் வாரத்திலும், 2028இல் பிப்ரவரி இறுதியிலும் வரும். பொதுத்தேர்வு அட்டவணைகள் பல மாதங்கள் முன்பே வெளியாகிவிடுவதால், பள்ளி நிர்வாகங்களும் ஜமாஅத்துகளும் கல்வித்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டிய காலம் ரமளான் அன்று. அட்டவணை தயாராகும் நாள்களே.