பேருருவ நாயகனின் ஆங்கிலக் குரல்

ஜப்பானியத் திரையின் பேருருவங்கள் – பகுதி 9

1954இல் வெளிவந்த ‘காட்ஸில்லா’ படத்துக்காக வளர்த்தெடுத்த தந்திரக்காட்சிக் கலையை, எய்ஜி சுபுராயா 1963இல் தாம் நிறுவிய நிறுவனத்தின் வழியாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த வரலாற்றைச் சென்ற பகுதி விளக்கியது. ரப்பர் உடைக்குள் நின்று நடிக்கும் நடிகர், சிற்றளவில் கட்டப்பட்ட நகரம், அசைவுக்குக் கனம் தருவதற்காக அதிவேகத்தில் சுழலும் கேமரா ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட இக்கலையை ஜப்பானியர் ‘டோக்குசாட்சு’ என்பர். அதன் மிகப் புகழ்பெற்ற படைப்பான ‘அல்ட்ராமேன்’ 1966 ஜூலை 17 அன்று டிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 39 பகுதிகளாக ஒளிபரப்பானது. 40 மீட்டர் உயரமும் 35,000 டன் எடையும் உடையவனாகச் சொல்லப்பட்ட அந்த விண்வெளி நாயகன், பூமியில் மூன்று நிமிடங்கள் மட்டுமே போரிட வல்லவன். அவன் ஜப்பானின் எல்லையைக் கடந்தபோது அவனைச் சூழ்ந்திருந்த மனிதர்களுக்கு ஆங்கிலக் குரல் கிடைத்த விதமும், அக்குரல்களைப் பற்றி ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் விவாதமும் இப்பகுதியின் பொருளாகின்றன.

குழந்தைகளுக்கான படங்களின் டப்பிங் பற்றிப் பெரியவர்கள் வாதிடுவது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். ஆயினும் அந்த வாதத்தின் போக்கைத் தொடர்ந்து கவனித்தால், கல்விப்புலம் இத்துறையைத் திரும்பிப் பார்க்கும் முன்பே ரசிகர்கள் தங்களுக்கென ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொண்டது தெரியவரும். உதட்டசைவோடு வசனம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பதைவிட, குரல் கொடுப்பவர் அக்கதையை நம்பிப் பேசுகிறாரா என்பதே ஒரு டப்பிங்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பதே அந்த அளவுகோல்.

இவ்வகைப் படங்களின் அமைப்பைப் புரிந்துகொண்டால், அந்த அளவுகோல் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். டோரு நரிதா வடிவமைத்த அல்ட்ராமேனின் முகம் உதடு அசையாத முகமூடி. அவன் போரிடும் காட்சிகளுக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. போருக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் பேசும் பேச்சுதான், அந்தப் போரில் யார் எதை இழக்கப்போகிறார்கள் என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்துகிறது. அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கிய 23ஆம் பகுதி இதற்குத் தக்க சான்று. விண்வெளியில் தம் நாட்டினராலேயே கைவிடப்பட்டு, நீரில்லாத ஒரு கோளில் உருமாறிப்போன விண்வெளி வீரர் ஜமிலா, பழிவாங்கும் எண்ணத்துடன் பூமிக்குத் திரும்புகிறார். அவர் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர் என்பதை வெளியே தெரிவிக்காமல், அரக்கனாகவே கருதிக் கொன்றுவிட வேண்டும் என்று மேலிடம் ஆணையிடுகிறது. அல்ட்ராமேன் நீரைப் பீய்ச்சி அவரைக் கொன்றபின், அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்ட புகழுரைக்கு முன்னால் நின்று இடே என்னும் வீரர் குமுறும் இடத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அந்த ஒரு பேச்சைக் கேலியாகவோ அலட்சியமாகவோ பேசிவிட்டால், எஞ்சுவது ரப்பர் உடை அணிந்த இருவரின் மல்யுத்தம் மட்டுமே.

இவ்வாறு நம்பிப் பேசுவதற்கு அக்காலத் தொழில்நுட்பம் பெரிதும் துணைசெய்யவில்லை. படச்சுருளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். நடிகர் அதைப் பார்த்து, உதடு திறக்கும் நொடியில் தொடங்கி மூடும் நொடியில் முடித்தாக வேண்டும். மொழி அமைப்பின் சிக்கலும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ஒரு செய்தியின் முழு வலிமையும் கடைசிச் சொல்லில்தான் வெளிப்படும். நடிகரின் கண்ணும் புருவமும் அந்தக் கணத்துக்காகவே காத்திருக்கும். ஆங்கிலத்திலோ வினை முன்னதாகவே வந்துவிடுவதால், சொல் வெளிப்பட்ட பிறகே முகம் மாறுவதுபோல் தோன்றும். ஆங்கில டப்பிங் ‘ஒட்டவில்லை’ என்று பார்வையாளர் உணர்வதற்கு, உதட்டசைவின் பிழையோடு இந்தக் கால இடைவெளியும் காரணம்.

இத்தடைகளுக்கு இடையில் உருவான முதல் ‘அல்ட்ராமேன்’ டப்பிங்கை ரசிகர்கள் இன்றும் மதிப்புடன் நினைவுகூர்கின்றனர். ஜப்பானில் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவு அதை வாங்கி அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்கு வழங்கியது. ‘ஸ்பீட் ரேசர்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ஆங்கில வடிவத்தால் பின்னர் பெயர்பெற்ற பீட்டர் பெர்னாண்டஸ், காரின் ஓர், எர்ல் ஹாமண்ட் ஆகியோர் நியூயார்க்கில் இதற்குக் குரல் கொடுத்தனர். ஒரு சிலரே ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசினர். கேப்டன் முராமட்சு ‘கேப்டன் முரா’ ஆனார், இடே ‘இட்டோ’ ஆனார். இத்தனை மாற்றங்கள் இருந்தும், அவர்கள் கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டு பேசினார்கள். ஆபத்து நேரும்போது குரலில் பதற்றமும், உயிர் பிரியும்போது துயரமும் இருந்தன. அன்றைய அமெரிக்கச் சிறுவர்கள் அதை அயல்நாட்டுப் பண்டமாக எண்ணி விலக்காமல், தங்கள் நாயகனாகவே ஏற்றுக்கொண்டதற்கு இந்த நேர்மையே முதன்மைக் காரணம்.

ஜப்பானியப் படங்களுக்கு ஆங்கிலக் குரல் தந்த இடம் நியூயார்க் மட்டுமன்று. வெளிநாட்டு விற்பனைக்காகத் தோஹோ நிறுவனம் தானே செய்வித்த ‘ஏற்றுமதிப் பதிப்புகள்’ சில டோக்கியோவிலும் பல ஹாங்காங்கிலும் பதிவாயின. டோக்கியோவில் வில்லியம் ராஸ் நடத்திய நிறுவனமும், ஹாங்காங்கில் டெட் தாமஸ் என்ற வானொலிக் கலைஞரைச் சூழ்ந்திருந்த குழுவும் இப்பணியில் அறியப்பட்டவை. அல்ட்ராமேனின் செல்வாக்கால் பேருருவ நாயகர்கள் பெருகிய காலத்தில், 1973இல் வெளிவந்த ‘காட்ஸில்லா எதிர் மெகலான்’ படத்தில் ஜெட் ஜாகுவார் என்னும் இயந்திர நாயகன் காட்ஸில்லாவின் தோழனாகத் தோன்றினான். ஹாங்காங்கில் பதிவான அதன் ஆங்கில வடிவத்தில் கேட்கும் குரல்களை, அதே ஊரில் டப்பிங் செய்யப்பட்ட குங்ஃபூ படங்களிலும் கேட்கலாம். பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத இக்கலைஞர்களை, படத்துக்குப் படம் குரல்களை ஒப்பிட்டுக் கேட்டு அடையாளம் கண்டவர்கள் ரசிகர்களே.

நம்பிக்கை விலகியபோது நேர்ந்ததை இரண்டு தொடர்கள் காட்டுகின்றன. 1967–68இல் வந்த ‘அல்ட்ரா செவன்’, அல்ட்ராமேன் வரிசையில் கருத்தாழம் மிக்கது எனப் போற்றப்படுவது. அதன் முதன்மைக் கதாசிரியர் டெட்சுவோ கிஞ்சோ, 1972 வரை அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த ஒகினாவாவைச் சேர்ந்தவர். பூமியின் உண்மையான பூர்வகுடிகள் தாங்களே, மனிதர்களே ஆக்கிரமிப்பாளர்கள் என்று கடலடி இனம் ஒன்று முறையிடும் கதையை அவர் இத்தொடருக்கு எழுதினார். 1980களில் கனடாவின் சினார் நிறுவனம் செய்த ஆங்கில டப்பிங்கில் நகைச்சுவைத் தொனி புகுந்தது. 1994இல் அமெரிக்காவின் டிஎன்டி அலைவரிசையில் பலர் முதன்முறையாகப் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். 1996–97இல் 52 பகுதிகளாக வந்த ‘அல்ட்ராமேன் டிகா’வுக்கும் இதே நிலை நேர்ந்தது. 2002இல் 4கிட்ஸ் நிறுவனம் அதன் இசையை மாற்றி, வசனங்களில் கேலியைப் புகுத்தி ஒளிபரப்பியபோது, பாதித் தொடர்கூட முடிவதற்குள் ஒளிபரப்பு நின்றுபோனது. இவ்விரு டப்பிங்குகளும் தொழில்நுட்பத்தில் 1966இன் பதிவைவிட முன்னேறியவை. ஆயினும் கதையை மதிக்காத குரலுக்கு எந்தக் கருவியும் மதிப்பைத் தேடித் தர இயலாது என்பதற்கு இவையே சான்றாயின.

இந்தத் தீர்ப்பை எட்டிய ரசிகர்கள் அதனோடு நின்றுவிடவில்லை. 1968இல் கிரெக் ஷூமேக்கர் தொடங்கிய ‘ஜப்பானிய மாயப்பட இதழ்’, 1990களில் கனடாவிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘ஜி-ஃபேன்’ போன்ற ரசிகர் ஏடுகளில், எந்தப் பதிப்பில் எந்தக் காட்சி வெட்டப்பட்டது, எந்த இசை மாற்றப்பட்டது, யார் குரல் கொடுத்தார் என்ற செய்திகள் பொறுமையாகப் பதிவாயின. எய்ஜி சுபுராயாவைப் பற்றி 2007இல் விரிவான ஆங்கில நூலை எழுதிய ஆகஸ்ட் ரகோனும் இந்த ரசிகர் உலகில் வளர்ந்தவரே. 1968இன் ‘டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்’ படத்துக்கு டோக்கியோவில் ஒன்றும் நியூயார்க்கில் ஒன்றுமாக இரு ஆங்கில வடிவங்கள் உண்டு; அவற்றுள் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒலித்த வடிவம் நீண்ட காலம் கடைகளில் கிடைக்காதிருந்தபோது, பழைய ஒளிபரப்புப் பதிவுகளிலும் 16 மி.மீ. படச்சுருள்களிலும் அதைத் தேடிக் காத்தவர்களும் ரசிகர்களே. டப்பிங்கும் ஒரு வரலாற்று ஆவணம் என்னும் உணர்வு இவர்களிடமிருந்தே பிறந்தது.

அந்த உணர்வு இன்னும் வணிக உலகை முழுமையாக எட்டவில்லை. அல்ட்ராமேனின் வெளிநாட்டு உரிமை குறித்துத் தாய்லாந்துத் தரப்புடன் நீண்டுகிடந்த வழக்கில், 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் சுபுராயா நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மில் கிரீக் நிறுவனம் மூலத் தொடரை அமெரிக்காவில் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது. படத்தின் தெளிவு சிறந்தது, சப்டைட்டிலும் இருந்தது. ஆனால் 2006இன் டிவிடி வெளியீட்டில் இருந்த பழைய ஆங்கில ஒலித்தடம் இதில் இல்லை. மூலத்தை மூலமொழியில் கேட்க விரும்புவோரின் உரிமை மறுக்க முடியாதது. அதே வேளையில், ஒரு தலைமுறை அப்படைப்பை எந்தக் குரலில் அறிந்ததோ அந்தக் குரலையும் உடன் வைப்பதால் மூலத்துக்கு எந்த இழிவும் நேராது. ஷின்ஜி ஹிகுச்சி இயக்கத்தில் 2022இல் வந்த ‘ஷின் அல்ட்ராமேன்’, 2023 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு நாள் சப்டைட்டிலுடனும் மறுநாள் ஆங்கில டப்பிங்குடனும் திரையிடப்பட்டது. பழைய படைப்புகளின் மறுவெளியீடுகளும் பின்பற்றத்தக்க முறை இதுவே.

எனவே, சப்டைட்டிலா டப்பிங்கா என்று இரு அணிகளாகப் பிரிந்து நிற்பதைக் காட்டிலும், ஒவ்வொரு டப்பிங்கையும் தனித்தனியாக எடுத்து, அது மூலக்கதையின் துயரத்தையும் அச்சத்தையும் வியப்பையும் மதித்ததா என்று ஆராய்வதே பயனுள்ள திறனாய்வாகும். அவ்வாறு ஆராயும்போது 1966இன் நியூயார்க் கலைஞர்கள் தங்கள் கால எல்லைக்குள் நின்றே அந்த மதிப்பை ஈட்டியவர்கள் என்பது உறுதிப்படும். அவர்களின் ஒலித்தடங்கள் திரைப்படக் காப்பகங்களின் பாதுகாப்புக்கு உரியவை.

(அடுத்த பகுதியில்: உடைக்குள் இருந்த நடிகர்கள் – பின் ஃபுருயாவும் அவருக்குப் பின் வந்தவர்களும்)