காதைத் தொட்ட கையும் எல்.கே.ஜி. விண்ணப்பமும்

திருநின்றவூர்ப் பக்கத்தில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பிறந்த தேதியைக் கேட்டால், பலர் இரண்டு தேதி சொல்வார்கள். வீட்டில் சொன்னது ஒன்று, ஸ்கூலில் எழுதியது ஒன்று. ஸ்கூலில் எழுதியது பெரும்பாலும் மே மாதமோ ஜூன் மாதமோ இருக்கும். சேர்க்க வந்த பிள்ளையை எச்.எம். நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்ததாக எடுத்துக்கொண்டு பதிவேட்டில் ஒரு தேதி போட்டுவிடுவார். எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. அட்மிஷன் என்பது அவ்வளவுதான்.

எந்தப் பள்ளி என்ற கேள்வியே அன்று எழவில்லை. முதலில் போர்டு ஸ்கூல் என்றும் பிறகு யூனியன் ஸ்கூல் என்றும் சொல்லப்பட்ட ஒரே பள்ளிக்கூடம்தான் ஊருக்கு. ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர் பிள்ளையும், அந்த வயலில் கூலிக்குப் போனவர் பிள்ளையும், ரயில்வேக்காரர் பிள்ளையும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள். கையில் சிலேட்டும் பல்பமும் இருக்கும். ஒரே தரை என்பதால் எல்லாம் சமமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. யார் எங்கே உட்காரலாம், யார் பானையில் தண்ணீர் மொள்ளலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. பிள்ளையை அனுப்பாத வீடுகளும் நிறைய. ஆனாலும் அந்தப் பள்ளி ஊருக்குச் சொந்தமாக இருந்தது.

அதற்குச் சாட்சி நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. திருநின்றவூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவள்ளூர் தாண்டி ஏகாட்டூர், அடுத்து கடம்பத்தூர். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த 1958இல், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் முதன்முதலில் தொடங்கியது அந்தக் கடம்பத்தூரில்தான். தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்க்காரர்களே பட்டியல் போட்டார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், மணி, குடிதண்ணீர்ப் பானை, சில இடங்களில் கட்டடமே. அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவும் அப்படித்தான். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது மக்கள் கொடுத்த அரிசியையும் பருப்பையும் நம்பி நடந்தது. அரசு பங்கு போட்டது பிறகுதான். அந்நாளைய மாணவர்கள் இன்றைக்கும் பேசும் கோதுமை உப்புமாவும் பால் பவுடரும் அறுபதுகளில் அமெரிக்க உதவியாக வந்தவை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபிறகு பள்ளிக்கூடத்துச் சோறு யாருடைய தயவும் தேவைப்படாத உரிமையானது.

இனி இன்றைக்கு வருவோம். காலை எட்டு மணிக்கு சி.டி.எச். ரோட்டோரம் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வரிசையாக வருகின்றன. உள்ளே கொள்ளாத பைகள் ஷேர் ஆட்டோவின் இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்குகின்றன. கழுத்தில் எலாஸ்டிக் டை, அதன்மேல் ஐ.டி. கார்டு, காலில் சாக்ஸோடு ஷூ. பிள்ளைக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை. வேன் ஆயா வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறார், பிள்ளை அம்மாவின் சுடிதார்த் துப்பட்டாவை விடமாட்டேன் என்கிறது. வயது மூன்றரை இருக்கும். அன்றைய கணக்கில் இந்தக் கை காதைத் தொட இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும்.

இடையில் நடந்ததை ஒரே காரணத்தில் அடக்க முடியாது. 1979இல் மின்சார ரயில் திருவள்ளூர் வரை ஓடத் தொடங்கியதும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே மனை வாங்கினார்கள். வயல்கள் நகர்களாயின. மின்சார ரயில் வந்ததற்கு முந்தின ஆண்டுதான், பல்கலைக்கழகங்களின் பிடியில் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் மாநில அரசின் தனி வாரியத்தின் கீழ் வந்திருந்தன. புது நகரும் புது மெட்ரிக் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்தன. முதலில் வாடகை வீட்டு முன்ஹாலில் ஒரு 'நர்சரி அண்டு பிரைமரி', பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகுதான் மாநிலம் முழுக்கக் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன.

மெட்ரிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய அந்தத் தலைமுறையைப் பகட்டுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் இருபது வருஷம் கைத்திறனோடு உழைத்தவர், இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதத் தெரிந்த இளைஞன் தனக்கு மேலே சூப்பர்வைசராக வந்து உட்காருவதைப் பார்த்தார். தன் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது என்று ஓவர்டைம் பார்த்து ஃபீஸ் கட்டினார். அது நியாயமான ஆசை. அரசுப் பள்ளி அந்த ஆசைக்கு அன்று பதில் வைத்திருக்கவில்லை. 2012-13இல் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தபோது ஒரு தலைமுறை ஏற்கெனவே வேன் ஏறியிருந்தது.

பாடப்புத்தகத்தைச் சொல்லியும் இனித் தனியாரை உயர்த்திப் பேச முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2011இல் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்து, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடநூல் என்றானது. வகுப்பறைகள் சமமாகும் என்று பலர் நம்பினோம். ஆனால் பல பள்ளிகள் பலகையை மாற்றி சி.பி.எஸ்.இ. என்று எழுதிக்கொண்டன. பெற்றோரும் பின்னாலேயே போனார்கள். அதே 2011இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தது செய்தியானது. காமராஜர் காலத்து ஊரில் அது யாருக்கும் செய்தியாகவே பட்டிருக்காது.

அரசு சும்மா இருந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கடந்த சில ஆண்டுகளில் பெரிய வேலைகள் பல நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கியிருக்கின்றன. கொரோனாவில் எழுத்து மறந்த குழந்தைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கப்பட்டது. ஒரே வகுப்பில் உள்ள குழந்தைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் முறை அது. எழுத்தே தெரியாத பிள்ளை பின்வரிசையில் கிடந்து போகாமலிருக்க இது நல்ல வழி. காலை உணவுத் திட்டத்தை ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்தது 2024 ஜூலை 15 அன்று. இடம் நம் மாவட்டத்துக் கீழச்சேரி. அம்மாவும் அப்பாவும் ஆறு மணிக்கே கம்பெனி பஸ் பிடிக்கும் வீட்டில், பிள்ளைக்குச் சூடாக உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய வகுப்புகளில் கணக்கே மாறிவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. "அஞ்சாவது வரைக்கும் மெட்ரிக், ஆறாவதுல கவர்மென்ட்டு" என்று இப்போது வீடுகளில் திட்டமிட்டே பேசுகிறார்கள். ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளி வேண்டும், எல்.கே.ஜி.யில் வேண்டாம். ஏன்?

எனக்குத் தெரிந்த பதில் எளிமையானது. பெற்றோர் முடிவெடுக்கும் வருஷத்தில் அரசுப் பள்ளியின் கேட்டே அவர்களுக்குத் திறப்பதில்லை. குழந்தைக்கு மூன்று வயதாகும்போது தனியார் பள்ளி எல்.கே.ஜி. விண்ணப்பத்தோடு நிற்கிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பில்தான், ஐந்து வயதில்தான் சேர்த்துக்கொள்கின்றன. நடுவே இரண்டு வருஷம். அதற்குள் பிள்ளைக்கு ஒரு மிஸ் கிடைத்துவிடுகிறார், நண்பன் கிடைத்துவிடுகிறான், வேன்காரர் குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிடுகிறார். அஞ்சு வயதில் அதையெல்லாம் அறுத்துக்கொண்டு வர எந்தத் தாய்க்கும் மனம் வராது. தனியாரையும் அரசையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அந்த வயதில் கடையில் ஒரே சரக்குதான் இருந்தது.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் அவை. முட்டையும் சத்துமாவும் எடை பார்ப்பதும் கர்ப்பிணிகளைக் கவனிப்பதும் அங்கேதான். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இதையெல்லாம் செய்துவிட்டு, பாட்டும் கதையும் நிறமும் வடிவமும் சொல்லித் தருகிறார்கள். அந்த உழைப்பை ஊர் இன்னும் 'பால்வாடி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறது. பிள்ளையைப் படிக்க அனுப்பும் இடமாக அதை யாரும் நினைப்பதில்லை.

இந்த இடைவெளியை அரசும் ஒருமுறை கண்டுகொண்டது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022இல் அதற்குப் போட்டிருந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அழைத்தார்கள். எதிர்ப்பு எழவே, வகுப்புகள் தொடரும் என்றார்கள். ஆனால் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து. மூன்று வயதுக் குழந்தையைக் கையாளுவது பள்ளியிலேயே கடினமான வேலை. அதற்கு இதுதான் சம்பளமா என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள். 2013 முதல் தமிழ்நாட்டில் ஏழைக் குழந்தைகள் இதில் தனியார் எல்.கே.ஜி.யில் சேர்கிறார்கள். கட்டணத்தை அரசு கட்டுகிறது. குலுக்கலில் பெயர் விழுந்த வீட்டில் அது திருவிழா. அந்தக் குழந்தைகளின் வாய்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தன் பெரும்பாலான பள்ளிகளில் எல்.கே.ஜி. வைக்காத அரசு, அடுத்த தெருத் தனியார் எல்.கே.ஜி.க்குப் பணம் கட்டுவது எப்படிச் சரியாகும்? அந்தப் பணமும் நிச்சயமில்லை. ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்ததால் 2025இல் கோடையில் நடக்கவேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை அந்தப் பெற்றோர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பணம் இல்லாத நாளில் எல்லாரும் எங்கே வருகிறார்கள் என்பதைக் கொரோனா காட்டியது. இந்தியக் கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு 2018இல் 65.6 சதவீதம், 2022இல் 72.9, 2024இல் மறுபடி 66.8 என்கிறது ஊரகக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு. வந்தவர்களைத் தக்கவைக்க முடியவில்லை. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ கூட்டத்துக்குப் போனாலோ மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டுத் தயங்குகிற தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்பேன். தனியாரோ அரசோ, எந்த கேட்டுக்குள் போனாலும் பெயின்டையும் புரொஜெக்டரையும் பார்க்காமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பாடத்தில் இல்லாத நாலு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மிஸ் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறாரா என்று கேளுங்கள். தனியார் விண்ணப்பம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடும். அரசுப் பள்ளிச் சேர்க்கையை இப்போது மார்ச் முதல் தேதியே தொடங்குகிறார்கள். பொங்கலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மார்ச்சில் யார் வந்து பார்ப்பார்கள்?

பட்டாபிராமில் டைடல் பார்க் எழுந்துவிட்டது, திருநின்றவூர் நகராட்சியாகிவிட்டது. இன்னும் வீடுகள் வரும், மூன்று வயதுப் பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் முழுச் சம்பள ஆசிரியரோடு எல்.கே.ஜி. வேண்டும். இதைக் கேட்கும் இடமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்கள் தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஆனால் முதல் பிள்ளைக்கு எல்.கே.ஜி. தேடுபவர்கள் அந்தக் குழுவில் பெற்றோராக இருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் பிள்ளை இன்னும் அந்தப் பள்ளியில் இல்லை. ஒன்றாவது படிக்கும் பிள்ளையின் அம்மாதான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகக் கேட்டாக வேண்டும்.