வீட்டுக்குள் ஓர் ஒற்றர்: தம்பதியர் பேச்சுப் பதிவும் அதிகாரமும்

புது தில்லி: கணவன், மனைவி இடையிலான உரையாடலை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும், விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என 2025 ஜூலை 14-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் யாருடைய பேச்சு யார் கையில் சிக்குகிறது என்ற கேள்வியையும் இத்தீர்ப்பு எழுப்பியுள்ளது.

வழக்கு பஞ்சாப் மாநிலம் பதிண்டாவில் தொடங்கியது. மனைவியுடன் பேசியவற்றைப் பதிவு செய்து வைத்திருந்த கணவர், அவற்றை விவாகரத்து மனுவுக்கு ஆதாரமாக்க முனைந்தார். குடும்ப நீதிமன்றம் 2020-ல் அனுமதித்தது. மனைவியின் அந்தரங்க உரிமை மீறப்படுவதாகக் கூறி, பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் 2021-ல் அந்த அனுமதியை ரத்து செய்தது. உயர் நீதிமன்ற உத்தரவை, நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் அடங்கிய அமர்வு ரத்து செய்தது.

தம்பதியரின் பேச்சுக்கு 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 122-வது பிரிவு பாதுகாப்பு அளித்தது. ஆனால், அவர்கள் ஒருவர் மீது ஒருவர் தொடுக்கும் வழக்குகளுக்கு அப்பிரிவே விலக்கும் அளித்திருந்தது. அதன் அடிப்படையில் அமைந்தது தீர்ப்பு. தம்பதியர் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அதுவே உறவு முறிந்ததன் அறிகுறி என்றும் நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தனர்.

சமமற்ற கருவி

எனினும், வேவு பார்ப்பது முறிவின் அறிகுறி மட்டுமன்று. அடக்கி வைப்பதற்கான கருவியும் ஆகலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் செல்லிடப்பேசி வைத்திருந்த பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம். பெண்களில் 33 சதவீதம். கருவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கே ஆதாரம் திரட்டுவது எளிது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மணமான பெண்களில் சுமார் 29 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது அதே ஆய்வு. வசைச் சொல்லும் மனத் துன்புறுத்தலும்கூட வன்முறையே என்கிறது 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். நான்கு சுவர்களுக்குள் நிகழும் அக்கொடுமைக்கு ஒலிப்பதிவு மட்டுமே சாட்சியாக இருக்கக் கூடும். அவ்வகையில் இத்தீர்ப்பு பெண்ணுக்கும் உதவலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 9 நீதிபதிகள் அமர்வு அறிவித்தது 2017-ல். அதன்பின் நாடாளுமன்றம் 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தமது சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. அரசிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் குடிமக்களைக் காக்கப் பிறந்த சட்டம், வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே ஒரு பெண்ணுக்கு அந்தரங்கம் உண்டா என்பது நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய கேள்வி.